எரிந்த ஏடும் எரியாத பேரும்



தோட்டத்து வாசகி ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார்: "அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்தவர்கள் அயர்லாந்துக்குப் போய், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தங்கள் பாட்டன் பூட்டன் குடியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து வருகிறார்களாமே! எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளின் பேரை அந்தக் காலத்தில் யார் எழுதி வைத்தார்கள், ஐயா?"

அருமையான கேள்வி. இந்தத் தடவை இதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

அயர்லாந்து, இங்கிலாந்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் பசுந்தீவு. 1841-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே 81 இலட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். நிலமெல்லாம் நிலப்பிரபுக்களின் கையில். ஏழைக் குடியானவன் ஒரு துண்டு நிலத்தை வாரத்துக்கு எடுத்து, அதில் உருளைக்கிழங்கு போட்டு, அதையே மூன்று வேளையும் தின்று உயிர் வளர்த்தான். 1845-இல் அந்தக் கிழங்குக்கு ஒரு நோய் வந்தது. இலை கறுத்தது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகி நாறியது. 1852 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். இன்னும் 10 இலட்சம் பேருக்கு மேல் ஊரை விட்டுக் கப்பலேறினார்கள். இத்தனைக்கும் அந்த நாட்டில் விளைந்த தானியம் வெளியூருக்குக் கப்பலில் போய்க்கொண்டுதான் இருந்தது! 1851-இல் தலையை எண்ணிப் பார்த்தபோது 65 இலட்சம் பேர்தான் மிச்சம்.

அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று திரும்பி வந்து தேடுகிறார்கள். எங்கே தேடுவது? குடிக்கணக்கு ஏடுகளில்தானே? அங்கேதான் இடி விழுந்தது.

1861, 1871 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளின் ஏடுகளை அரசாங்கமே வேண்டாம் என்று அழித்துவிட்டது. 1881, 1891-ஆம் ஆண்டு ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதத்துக்காகக் கூழாக அரைக்கப்பட்டன. 1821 முதல் 1851 வரையிலான ஏடுகள் டப்ளின் நகரில் ஃபோர் கோர்ட்ஸ் என்னும் நீதிமன்ற வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922-இல் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஜூன் 30-ஆம் தேதி அந்தக் காப்பகம் வெடித்துத் தீப்பற்றியது. எழுநூறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பத்திரங்கள் ஒரே நாளில் போயின. கருகிய தாள்கள் காற்றில் பறந்து தெருவெல்லாம் விழுந்தனவாம்.

அத்தோடு தீர்ந்தது என்றுதான் நமக்குத் தோன்றும். தீரவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

1909 ஜனவரி முதல் தேதியிலிருந்து, எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் உதவித் தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். எழுபது ஆயிற்று என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே! அயர்லாந்தில் பிறப்பைப் பதியும் சட்டம் 1864-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த கிழவனிடமும் கிழவியிடமும் பிறப்புப் பத்திரம் ஏது? "பெரிய காற்று அடித்த இராத்திரி எனக்கு நினைவிருக்கிறது" என்று சொன்னவர்கள் பலர். அந்தப் புயல் 1839 ஜனவரி 6-ஆம் தேதி இரவு அடித்தது. ஆகவே அது நினைவிருப்பவருக்கு எழுபதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும் என்பது கணக்கு. நம் வீட்டுப் பெரியவர்களும் "ஜப்பான்காரன் வந்தப்போ நான் கைக்குழந்தை" என்றுதானே வயதைச் சொல்வார்கள்?

நினைவு போதாதென்ற போது, மனுக் கொடுத்தவரின் பெற்றோர் பேரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு, அதிகாரிகள் 1841, 1851 குடிக்கணக்கு ஏடுகளைப் புரட்டினார்கள். அந்தக் குடும்பத்தைக் கண்டால், விவரத்தை ஒரு படிவத்தில் எடுத்து எழுதினார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து மூல ஏடு எரிந்தது. ஆனால் வாரம் ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு கிழவி கொடுத்த மனுவை ஒட்டி எழுதிய அந்தப் படிவங்கள் ஆயிரக்கணக்கில் தப்பித்துக்கொண்டன. எரிந்துபோன ஏட்டில் அவள் தகப்பன் பேரும் தாய் பேரும் என்னவென்று இன்று சொல்வது அந்தத் தாள்தான்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முழுமையாகப் பிழைத்த குடிக்கணக்குகள் 1901-உம் 1911-உம். இரண்டையும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்து ஆண்டு இடைவெளியில் பலருக்கு வயது பதினைந்தும் அதற்கு மேலும் ஏறியிருக்கும். நடுவில் உதவித் தொகை வந்துவிட்டதல்லவா! ஆகவே ஏட்டில் இருப்பதெல்லாம் வேதவாக்கு அல்ல. ஒன்றை இன்னொன்றோடு உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

1911-ஆம் ஆண்டுப் படிவத்தில் குடும்பத் தலைவரின் கையெழுத்தையே காணலாம். எழுதத் தெரியாதவர் குறி போட்டிருப்பார். மணமான பெண்களிடம் அந்த ஆண்டில் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று இருப்பவர்கள் எத்தனை? இரண்டு எண்கள்தாம். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தாயின் கண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது நம் வீட்டுப் பாட்டிமார்களுக்குத் தெரியும்.

பிழைத்த இன்னொரு செல்வம் கோயிற்புத்தகங்கள். கத்தோலிக்கப் பங்குக் குருமார்கள் ஞானஸ்நானமும் கலியாணமும் எழுதிய புத்தகங்கள் ஊர்க் கோயிலிலேயே கிடந்தன. டப்ளினுக்கு அனுப்பாததால் தீயிலிருந்து தப்பின. அவற்றின் படங்களைத் தேசிய நூலகம் 2015-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது.

அடுத்தது, வரி போட எழுதிய ஏடு. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரை அயர்லாந்து முழுவதும் நிலத்துக்கும் வீட்டுக்கும் மதிப்புப் போட்டார்கள். எந்தத் துண்டில் யார் குடியிருக்கிறார், நிலம் யாருடையது என்று பேர் பேராக எழுதினார்கள். ஏழையின் மேல் உள்ள அக்கறையால் எழுதவில்லை, வரிக்காக எழுதினார்கள். ஆனாலும் ஏழையின் பேர் நின்றுவிட்டது.

இதே கதைதான் ஸ்ட்ரோக்ஸ்டவுன் எஸ்டேட்டிலும். ரோஸ்காமன் மாவட்டத்தில் உள்ள அந்த எஸ்டேட்டின் பிரபு மேஜர் டெனிஸ் மேஹன். குடிகளை வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பலேற்றி அனுப்புவது மலிவு என்று கணக்கிட்டு, 1847-இல் 1,490 பேரை எஸ்டேட் கனடாவுக்கு அனுப்பியது. கால்வாய்க் கரையோடு 165 கிலோமீட்டர் நடந்து டப்ளின், அங்கிருந்து லிவர்பூல், பிறகு கனடாக் கப்பல். வர்ஜினியஸ் என்ற கப்பலில் ஏறிய 476 பேரில் 158 பேர் கடலிலேயே செத்தார்கள். கனடா வாயிலில் உள்ள குரோஸ் தீவில் அந்த ஓராண்டில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அயர்லாந்துக்காரர்கள் புதைக்கப்பட்டார்கள். மேஹனும் அதே ஆண்டு நவம்பரில் சுடப்பட்டு இறந்தார்.

1979-இல் அந்த மாளிகையையும் நிலத்தையும் உள்ளூர் வாகன வியாபாரி ஜிம் கேலரி வாங்கினார். லாரிகள் நிறுத்த இடம் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். உள்ளே பழைய எஸ்டேட் ஆபீஸ் காகிதங்கள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் படித்தார். குளூனஹி என்ற இடத்துக் குடிகள் 1846-இல், "பசியால் சாகிறோம், வேலை கொடுங்கள்" என்ற பொருளில் கொடுத்த மனு அது. அதைப் படித்தவருக்கு மனம் மாறியது. காகிதங்களைக் காப்பாற்றினார், 1994-இல் அங்கே பஞ்ச அருங்காட்சியகம் திறந்தது.

அந்த 1,490 பேரில் டேனியல் டை என்ற பன்னிரண்டு வயதுப் பையனும் ஒருவன். தாயோடும் உடன்பிறந்தோரோடும் கப்பலேறியவன், தங்கை கேத்தரினோடு மட்டும் கரை சேர்ந்தான். கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் குடும்பம் ஒன்று இருவரையும் எடுத்து வளர்த்தது. ஆனால் பிள்ளைகள் தங்கள் குடும்பப் பேரை விடவில்லை. எழுத்துக்கூட்டு மட்டும் மாறியது. அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டுதான் அவன் சந்ததியில் ஒருவர் பின்னாளில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் மண்ணை வந்து மிதித்தார்.

தேடுவோர் பேரில்தான் மிகவும் தடுமாறுவார்கள். அயர்லாந்து மொழிப் பேரை ஆங்கிலம் தெரிந்த கிராணி காதில் விழுந்தபடி எழுதினான். ஓ, மேக் என்ற முன்னொட்டுகளைப் பலர் விட்டுவிட்டார்கள். அதோடு, மூத்த மகனுக்கு அப்பாவின் தகப்பன் பேர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் தகப்பன் பேர் என்று வைப்பது அங்கே வழக்கம். 'பேரன்' என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது புதிதா? ஒரே ஊரில் ஒரே பேரில் நாலு பேர் இருந்தால், வயது, மனைவி பேர், குடியிருந்த இடம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும்.

பேர் ஒன்றாக இருக்கிறதே என்று அவசரப்பட்டால் என்ன ஆகும்? ஆனி மூர் கதையைக் கேளுங்கள். நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடிநுழைவு நிலையம் 1892 ஜனவரி முதல் தேதி திறந்தபோது, முதலில் உள்ளே வந்தவள் இந்த அயர்லாந்துப் பெண். நெவாடா என்ற கப்பலில் இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதினைந்து வயது என்று செய்தி போட்டார்கள், உண்மையில் பதினேழு. பத்து டாலர் தங்கக் காசு பரிசு கொடுத்தார்கள். பிறகு எங்கே போனாள்? டெக்ஸஸ் பக்கம் போய், டிராம் மோதி இறந்தாள் என்றே பல ஆண்டுகள் எல்லாரும் நம்பினார்கள். அந்த டெக்ஸஸ் பெண்ணின் குடும்பத்தாரும் நம்பினார்கள்.

மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் ஏடுகளைப் பார்த்தார். டெக்ஸஸ் ஆனி பிறந்தது அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் என்று இருந்தது. அமெரிக்காவில் பிறந்தவள் அயர்லாந்திலிருந்து கப்பலில் எப்படி வருவாள்? 2006-இல் உண்மையான ஆனியைக் கண்டுபிடித்தார்கள். அவள் நியூயார்க்கை விட்டு எங்கேயும் போகவில்லை. ஏழைகள் நெருக்கிக் குடியிருந்த பகுதியில் வாழ்ந்து, பல பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்து, 1924-இல் ஐம்பது வயதில் இறந்தாள். அவள் புதைகுழிக்கு ஒரு கல்கூட இல்லை. 2008-இல்தான் வைத்தார்கள். நாட்டுக்கே தெரிந்த பேர். ஆனால் ஆள் யாரென்று நூறு ஆண்டுக்கு மேல் தெரியவில்லை!

சரி, இவர்கள் தேடும் முறை என்ன? முதலில் அயர்லாந்துக்குப் போவதில்லை. வந்து சேர்ந்த நாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இறப்புப் பத்திரம், கல்லறை எழுத்து, கலியாணப் பதிவு, கப்பல் பட்டியல், பழைய கடிதம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பாஸ்டன் நகரின் பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. அண்ணனைத் தேடும் தங்கை, அவன் பிறந்த ஊர், இறங்கிய துறைமுகம், கடைசியாக வேலை செய்த இடம் எல்லாம் அதில் சொல்லியிருப்பாள். அவள் அண்ணனைக் கண்டாளோ இல்லையோ, பின்னால் வந்த சந்ததி அந்த வரிகளில் ஊரைக் கண்டுகொள்கிறது. அயர்லாந்து என்றால் போதாது, மாவட்டம் போதாது. டவுன்லேண்ட் என்னும் சின்னஞ்சிறு நிலப்பிரிவின் பேர் வேண்டும். பேரில் டவுன் இருந்தாலும் அது டவுன் அல்ல. நம் தோட்டத்து டிவிஷன் மாதிரி சில வயலும் சில வீடும் சேர்ந்த இடம். அப்படி அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. அந்த ஒரு பேர் கிடைத்துவிட்டால் பூட்டுக்குச் சாவி கிடைத்த மாதிரி.

எரிந்த காப்பகத்தையும் விட்டுவிடவில்லை. எரியும் முன் எடுத்த நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பல நாட்டுக் காப்பகங்களில் தேடிச் சேர்த்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் தலைமையில் 2022 ஜூனில், தீப்பிடித்த நூறாவது ஆண்டில், இணையத்தில் ஒரு கருவூலம் திறந்திருக்கிறார்கள்.

ஆக, கேட்ட வாசகிக்கு என் பதில் இதுதான், அம்மா. ஏழைகளின் பேரை எழுதியவர்கள் வரி கேட்டவனும், வாரம் கேட்டவனும், கப்பல்காரனும், கோயில் சாமியாரும்தான். ஏழை தானே எழுதி வைத்தது மிகக் குறைவு. அதனால்தான் தேடுவதற்கு இத்தனை பாடு.

நாம் அப்படி விட வேண்டாம். உங்கள் வீட்டில் வயதான பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். இந்தியாவில் எந்த ஊர்? ஊர் மட்டும் போதாது, எந்தத் தாலுக்கா? யார் யார் சேர்ந்து வந்தார்கள்? கப்பல் ரஜூலாவா, வேறா? முதலில் இறங்கிய தோட்டம் எது, டிவிஷன் எது, கங்காணி பேர் என்ன? சொல்லச் சொல்ல அவர்கள் சொன்ன விதமாகவே எழுதுங்கள். கிராணி எழுதிய பேரும் வீட்டில் கூப்பிட்ட பேரும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாள அட்டை, பழைய பாஸ் எதையும் குப்பை என்று எறியாதீர்கள். படங்களின் பின்பக்கம் யார் யார் என்று பென்சிலால் குறித்து வையுங்கள். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வீடு மாறும்போதுதான் இவை தொலைகின்றன. சட்டி பானைக்கு முன்னால் அந்தத் தகரப் பெட்டியை எடுத்து வையுங்கள்.

நோட்டு நிறைந்ததும் ஒரு நகல் எடுத்து உடன்பிறந்தவர் வீட்டிலும் கொடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் இருந்ததால்தானே டப்ளினில் அத்தனையும் எரிந்தது!

அடுத்த இதழில் சந்திப்போம்.