பழுப்பு மையில் ஒரு பவனி



நடுப்பக்கத்தில் ஒரு பழுப்பு நிறப் படம் போட்டிருக்கிறோம். மரங்களின் அடியில் வழியோரச் சிலுவை ஒன்று. அதை நோக்கி ஒரு பவனி நகர்கிறது. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1805-ல் வரைந்தது. பின்னால் தெரியும் சூரியன் உதிக்கிறதா, மறைகிறதா என்று இன்னும் யாரும் ஒரு முடிவுக்கு வரவில்லை. படத்துக்கு இரண்டு விதமாகவும் பெயர் வழங்குகிறது. எனக்கென்னவோ விடியற்காலை என்றுதான் படுகிறது.

பூசியது ஒரே மை: கணவாய் மீனின் மைப்பையிலிருந்து எடுக்கும் செபியா. தண்ணீர் விட்டு இளக்கி, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்த பூச்சு. இதில் இருட்டைக் கூட்டிக்கொண்டே போகலாம். வெளிச்சத்தைக் கூட்ட வழியில்லை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தூரிகை படாமல் முதலிலிருந்தே காப்பாற்ற வேண்டும். அந்த வானத்தைச் சற்று நேரம் பாருங்கள், எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கும் என்பது புரியும்.

ஃப்ரீட்ரிக் பால்டிக் கடலோரத்து கிரைஃப்ஸ்வால்டில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். பவனி போவதோ கத்தோலிக்கர் வழக்கம். மனிதர்களைச் சின்னஞ்சிறிதாக்கி, கோயில் வளைவு போல மரங்களை ஓங்கவிட்டதில் அவர் மனம் எதில் இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படம் போனது ஜெர்மனியின் வைமார் நகரில் கவிஞர் கதேயும் நண்பர்களும் நடத்திய ஓவியப் போட்டிக்கு. அந்த ஆண்டு கொடுத்த பொருள் ஹெர்குலிஸின் சாகசங்கள்! முப்பது வயது ஃப்ரீட்ரிக் அனுப்பியவை இரண்டு நிலக்காட்சிகள். ஹெர்குலிஸ் மருந்துக்கும் இல்லை. கிரேக்கக் கலையையே உரைகல்லாகக் கொண்டிருந்தவர் கதே. பக்தி கமழும் படங்களைக் கண்டால் முகம் சுளிப்பவர். ஆனாலும் பரிசில் பாதி ஃப்ரீட்ரிக்குக்குப் போனது. எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக எதுவும் வரையத் தொடங்காத ஒருவருக்கு அது நல்ல அறிமுகம். போட்டி அந்த ஆண்டோடு நின்றுபோனது. படம் இன்றும் வைமாரில்தான் இருக்கிறது.

அடுத்த இதழுக்கு 'ஆறு' என்ற பொருளில் எழுதக் கேட்டிருந்தோம். வந்த உறைகளில் கிணறு இருக்கிறது, ரயில் இருக்கிறது, ஒருவர் தம் மாமியாரைப் பற்றியே எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறோம். மாமியார் கட்டுரை நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்