எந்தச் சுட்டியின் குற்றம்?

பிழை யாருடையது என்று ஆராயாமல் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது பெரியோர்க்கு எளிது. அந்த எளிய வழியையே நாமும் சென்ற திங்கள் மேற்கொண்டோம், பின்னர் வருந்தினோம். அதனை மறைக்காது இங்கு எழுதுவது, நம்மையொத்த தாத்தா பாட்டிமார்க்குப் பயன்படலாம் என்னும் எண்ணத்தினாலேயே.

பேகம்பேட்டில் நம் இல்லத்தில் எட்டாம் வகுப்புப் பயிலும் பேத்தி இருக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்கெனக் கணினியில் கோலம் போடும் நிரல் ஒன்றைப் பைதான் மொழியில் எழுதினாள். சுட்டியின், அதாவது மௌஸின், பொத்தானை ஒருமுறை அழுத்தினால் திரையில் ஒரு புள்ளி தோன்றும். அப்புள்ளியின்மேல் மறுபடி அழுத்தினால் அது மறையும். இதுவே ஏற்பாடு. ஆனால் சில புள்ளிகள் தோன்றிய கணமே மறைந்தன.

"நான் ஒரு தடவைதான் அழுத்தினேன், தாத்தா" என்றாள் அவள். "கை பதறாமல் அழுத்து, நிரலை ஒழுங்காக எழுது" என்று கடிந்துரைத்தோம். துபாயில் பணிபுரியும் அவள் தந்தையும் தொலைபேசியில் அதனையே சொன்னார். குழந்தை அழுதுவிட்டாள்.

மறுநாள் மாலை அவள் இருபது வரிகளில் வேறொரு சிறு நிரலை எழுதி வைத்திருந்தாள். அதில் கோலம் இல்லை. வெறும் வெள்ளைத் திரை, அவ்வளவே. சுட்டியை அழுத்திய இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். விடுத்த இடத்தில் நீலப் புள்ளி விழும். அழுத்தியவாறே நகர்த்தினால் கோடு தொடரும். ஓரத்தில் சுட்டி நிற்கும் இடத்தின் எண்களும், அழுத்தங்களின் தொகையும் தெரியும். முதலில் நான்கு மூலைகளையும் தொட்டுக் காட்டினாள். பள்ளி வரைபடத்தில் மேலே செல்லச் செல்ல எண் கூடும். இத்திரையிலோ இடது மேல்மூலையே தொடக்கம், கீழே இறங்க இறங்க எண் கூடுகிறது. இதில் பிழை ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"இப்போது நீங்களே அழுத்துங்கள், தாத்தா" என்றாள். நிதானமாக 10 முறை அழுத்தினோம். திரையில் தோன்றிய தொகை 13!

வேறொரு சுட்டியை இணைத்து அழுத்தினோம். தொகை சரியாக 10. பழைய சுட்டியை மற்றொரு கணினியில் இணைத்தோம். அங்கும் தொகை மிகுந்தது. ஆகவே குற்றம் நிரலிலும் இல்லை, கணினியிலும் இல்லை, பேத்தியின் கையிலும் இல்லை. பொத்தானுக்கு அடியில் ஒரு மெல்லிய உலோகத் தகடு உண்டு. அது தேய்ந்தால், ஒரே அழுத்தத்தில் பட்டும் விலகியும் மீண்டும் படும். நம் விரலுக்குப் புலப்படாத அத்துடிப்பைக் கணினி இரண்டு அழுத்தங்களாக எண்ணிவிடுகிறது.

சுட்டி பிறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் எண்ணத்தை ஏற்று, பில் இங்கிலீஷ் 1964-இல் அமைத்த முதற்சுட்டி மரப்பெட்டி. இரண்டு சக்கரங்கள், ஒரே பொத்தான். 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் சுட்டியைப் பலரறியக் காட்டினார். அன்று முதல் இன்றுவரை சுட்டியின் வேலை, கையின் அசைவைக் கணினிக்கு உரைப்பதே. அது பொய்யுரைத்தால் கணினியும் பொய்யே கூறும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துச் சோதிக்கும் இம்முறை நம் பேட்டைக்குப் புதிதன்று. மலேரியாவை ஆராய்ந்த ரொனால்டு ராஸ், புழுப் பருவத்திலிருந்து தாமே வளர்த்த கொசுக்களை நோயாளியின் உடலில் கடிக்கவிட்டு, அவற்றை அறுத்துப் பார்த்தார். 1897 ஆகஸ்டு 20 அன்று கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டார். அவர் பெயர் தாங்கிய ஆய்வுக் கட்டடம் பேகம்பேட்டிலேயே இருக்கிறது. வளர்த்த கொசுவாதலின், கிருமி வேறெங்கிருந்தோ வந்தது என்னும் ஐயத்துக்கு அங்கே இடம் குறைந்தது.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் பிள்ளைகள் "நான் சரியாகத்தான் செய்தேன்" என்று சொல்லக்கூடும். கடிந்துரைக்கும் முன் சுட்டியை மாற்றிப் பாருங்கள். பத்து முறை அழுத்தி எண்ணிப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நாம் புதிய சுட்டி ஒன்று வாங்கி வந்தோம். பேத்தியிடம் மன்னிப்பும் கேட்டோம். அவள் தந்தை அன்றிரவே அழைத்து, கோலத்தைத் தமக்கும் அனுப்புமாறு வேண்டினார். "நீங்களும் பத்து தடவை அழுத்திப் பாருங்கள், அப்பா" என்று சொல்லி, சோதனை நிரலையும் சேர்த்தே அனுப்பினாள் அந்தச் சுட்டிப் பெண்.