பாக்கெட்டில் இருக்கட்டும் பம்ப்!



முதலாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘பம்ப் செட்’. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து இன்ஹேலரைச் சட்டைப் பாக்கெட்டில் வைப்பதை விட்டுவிட்டேன். பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அந்த வெட்கத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போன செமஸ்டர் தேர்வில் பைகளை வெளியே வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். ஒரு மணி நேரத்தில் இழுப்பு ஆரம்பித்தது. சொல்லக் கூச்சப்பட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, “சார், பையில மருந்து இருக்கு” என்றேன். “என்னப்பா, பிட்டு எடுக்கப் போறியா?” என்றார் கண்காணிப்பாளர். ஹால் முழுக்கச் சிரிப்பு. பம்ப் கைக்கு வந்தபோது என்னால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. அந்தப் பேப்பர் அரியர் ஆனது. அவர் மேல் பாதித் தப்பு. முன்கூட்டியே சொல்லாத என் மேல் பாதித் தப்பு.

“பம்ப் அடிச்சா பழக்கமாயிடும்டா, மாத்திரையே போதும்” என்பார் எங்க அம்மா. பள்ளிக்கூடம் போகாத அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். படித்தவர்களே அப்படித்தானே சொல்கிறார்கள்! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். பம்ப்பை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வருகிறது. அதற்குள் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பம்ப் மருந்து நேராகப் போய்ச் சில நிமிடத்தில் வேலை செய்கிறது. இதில் எது பயப்பட வேண்டியது?

நம் ஒர்க்ஷாப் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். மருந்துத் துளி அதிலும் பாதி, 5 மைக்ரானுக்குள் இருந்தால்தான் நுரையீரலின் உள்குழாய்களுக்குப் போய்ச் சேரும். பெரிய துளிகள் தொண்டையிலேயே தங்கிவிடும். இவ்வளவு நுட்பமான வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பா 1956ஆம் ஆண்டிலிருந்து செய்துவருகிறது. இதைப் பார்த்து மெக்கானிக்கல் மாணவன் சிரிக்கலாமா?

ஆனால் டப்பா நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, இயக்கவும் தெரிய வேண்டும். நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து உதட்டை இறுக்க மூடி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். ஆழமாக இழுத்து 10 நொடி அடக்க வேண்டும். நான் இரண்டு வருடம் அழுத்திவிட்டுப் பிறகு இழுத்துக்கொண்டிருந்தேன். பாதி மருந்து நாக்குக்குத்தான் போனது! கை, மூச்சு இரண்டும் சேரவில்லை என்றால் ஸ்பேசர் என்னும் குடுவையை மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு தப்பும் செய்தேன். டாக்டர் இரண்டு பம்ப் கொடுத்தார். நீல நிறத்தது உடனே மூச்சைத் திறக்கும். மற்றது குழாயின் உள்வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு. தினமும் எடுத்து, எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். “இதுல ஒண்ணுமே தெரியலையே” என்று அதை நிறுத்திவிட்டேன். பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ், பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ் என்று பரீட்சையில் வித்தியாசம் எழுதுகிறோம். சொந்த நுரையீரலுக்கு மட்டும் பிரேக்டவுன் போதுமா? நீலப் பம்ப்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலம் தேவைப்பட்டால், அது பழக்கம் ஆகிவிட்டது என்று அர்த்தமல்ல. நோய் கட்டுக்குள் இல்லை, டாக்டரைப் பார் என்று அர்த்தம்.

ஆஸ்துமாக்காரன் எதற்கும் லாயக்கில்லை என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஜாக்கி ஜாய்னர் கெர்சி. ஆஸ்துமாவோடுதான் 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஹெப்டத்லானில் 7291 புள்ளிகள் எடுத்து உலக சாதனை படைத்தார்.

நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை மூன்றே. தேர்வு ஹாலில் இன்ஹேலர் மேஜை மேல் இருக்கலாம் என்று எழுத்தில் உத்தரவு வாங்கித் தாருங்கள். ஃபவுண்டரியிலும் ஸ்மித்தியிலும் தூசி, புகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஜன்னலோர இடம் கேட்டு வாங்குங்கள். முதலுதவிப் பெட்டி பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள்: ‘இழுப்பு வந்தவரை நிமிர்ந்து உட்கார வை; நீலப் பம்ப் ஒவ்வொன்றாக 4 தடவை கொடு; 4 நிமிடம் பார்; குறையவில்லையா, மறுபடி 4 கொடுத்து 108க்குப் போன் செய்.’

கண்ணாடி போட்டவனைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. பம்ப் வைத்திருப்பவனும் அப்படித்தான். இதைப் படிக்கும் முதலாம் ஆண்டுத் தம்பியோ தங்கையோ பையின் அடியில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தால், இன்றைக்கே எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்பெயர் மூன்று வருடத்தில் போய்விடும். மூச்சு அப்படியல்ல.

என் பட்டப்பெயர் இன்னும் ‘பம்ப் செட்’தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். பாக்கெட்டில் பம்ப் இருக்கிறது.