தலையில் ஊற்றும் தண்ணீர்

எண்பது வயது தாண்டிய பணக்காரக் கிழவருக்குச் சதாபிஷேகம் என்றொரு சடங்கு. ஆயிரம் பிறை கண்ட புண்ணியவான் என்று புரோகிதர் மந்திரம் சொல்லித் தலையில் குடம் குடமாய்த் தண்ணீர் கொட்டுகிறார். விருதுநகர்ப் பக்கத்து ஊர்களிலோ, படுத்த படுக்கையான ஏழைக் கிழவிக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றி, இளநீர் கொடுத்துச் சாகச் செய்யும் தலைக்கூத்தல் நடந்து வந்ததை 2010இல் நாடே அறிந்தது.

நாம் கேட்கிறோம்: நீண்ட ஆயுள் புண்ணியத்தின் பலன் என்றால், இந்தக் கிழவியும் ஆயிரம் பிறை கண்டவள்தானே? அவளுக்கு ஏன் இந்தக் கதி? புருஷனை இழந்தவள் என்றால் சதாபிஷேகமும் கிடையாதாம்!

1940களில் இந்நாட்டு மக்களின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இன்று சுமார் 70. அன்று கோவில் இல்லையா, மந்திரம் இல்லையா? ஆயுளைக் கூட்டியவை அம்மை குத்தலும், புது மருந்துகளும், சுத்தமான குடிநீருமே அல்லவா?

நிற்க, கூட்டிய ஆயுளை வாழ வழி செய்தோமா? கண்ணில் புரை, காது மந்தம், பல் போன வாய்க்குப் பழைய சோறு, திண்ணையில் பேச்சுக்கு ஆளில்லை. "அது இன்னும் இருக்கிறதா?" என்று அஃறிணையில் விசாரிப்பு! பெற்றோரைக் காப்பது பிள்ளைகள் கடமை என்று 2007ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்து சோறு ஊட்டுமா?

தோழர்களே! சடங்குப் பணத்தில் ஒரு கிழவிக்குக் கண்புரை நீக்குங்கள், பல் கட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தலையில் ஊற்றியது போதும். வாயில் கஞ்சி ஊற்றுங்கள்.