கோலிக்குண்டுக்கும் தரம் உண்டு



மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் கோலிக்குண்டுக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். ஒரு காலத்தில் பூந்தமல்லி கடைவீதியில் கம்மர்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு பாட்டிலும் இருந்தது. இன்று பழைய கடைகளில் பரணைச் சுத்தம் செய்தால் கோலிகளும், சோடா பாட்டில்களும், தகர டப்பாக்களும் கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றைப் படம் பிடித்து ஆன்லைனில் விற்பனைக்குப் போடுகிறார்கள். சேகரிப்பாளர்கள் வாங்கவும் செய்கிறார்கள். தாராளமாக விற்கட்டும். ஆனால் ‘புதுசு போல இருக்கிறது’ என்று எழுதிய சரக்கு ‘உடைசல்’ என்று திரும்பி வரும்போது கடையின் பெயரல்லவா கெடுகிறது!

எந்தக் கோலிக்கு மதிப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் லௌஷா என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கண்ணாடிக் கோலிகளைக் கையால் செய்தார்கள். வண்ண இழை ஓடும் கண்ணாடிக் கம்பியைச் சூட்டோடு வெட்டி உருட்டியதால், வெட்டிய இடத்தில் சிறு வடு இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இயந்திரக் கோலி வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் வரத்து நின்றதும், அமெரிக்கச் சரக்கு சந்தையைப் பிடித்துக்கொண்டது. இந்த இரண்டு வகைக்கும்தான் மேல்நாட்டில் கிராக்கி. சோடா பாட்டில் கோலி வேறு. ஆங்கிலேயரான ஹிராம் காட் 1872-ல் உரிமம் பெற்ற பாட்டிலுக்கு அது மூடி. நம் பரணில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை சோடா கோலியும் சாதாரண விளையாட்டுக் கோலியுமே. பழையது என்பதற்காக எல்லாம் பழம்பொருள் ஆகிவிடாது.

இனி தரத்துக்கு வருவோம். கோலி சேகரிப்பாளர்களிடையே பத்துப் புள்ளிக் கணக்கு ஒன்று வழக்கத்தில் உள்ளது. ஒன்பதும் அதற்கு மேலும் ‘மின்ட்’, அதாவது அடிபடாத சரக்கு. எட்டிலிருந்து ஒன்பதுக்குள் ‘நியர் மின்ட்’. ஏழிலிருந்து எட்டுக்குள் ‘குட்’. ஏழுக்குக் கீழே இருந்தால் சேகரிப்பில் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுதான். செய்யும்போதே விழுந்த காற்றுக் குமிழும், வெட்டிய வடுவும் குறையாகாது. செய்த பிறகு பட்ட அடிதான் குறை. மிளகாயின் காம்பு இயற்கை, சண்டு வத்தல் குறை என்று நாம் பிரிப்பதைப் போலத்தான் இதுவும்.

அடிகளில் மோசமானது கண்ணுக்குத் தெரியாத அடி. கோலியோடு கோலி மோதும்போது மேல்பரப்பு வழவழப்பாகவே இருக்க, உள்ளே பிறை வடிவில் விரிசல் விழும். சேகரிப்பாளர்கள் இதை ‘மூன்’ என்கிறார்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினால் பளிச்சென்று மின்னும். படத்தில் இது பெரும்பாலும் விழுவதில்லை. ‘படம் போட்டிருக்கிறேன், பார்த்து வாங்குவது அவன் பாடு’ என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இன்னும் சிலர் கோலியில் எண்ணெய் தடவிப் படம் எடுக்கிறார்கள். கீறல் மறைந்து பளபளக்கும். எண்ணெய் பூசிய துவரம் பருப்பை எத்தனை வருடமாகப் பார்த்து வருகிறோம்! துடைத்ததும் சாயம் வெளுக்கும். மெஷினில் பாலிஷ் போடுவதும் உண்டு. அப்படிச் செய்தால் பழைய மேல்பரப்பே போய்விடுகிறது, கோலியும் சுற்றளவில் குறைகிறது. சேகரிப்பாளர் பாலிஷ் போட்ட கோலிக்கு விலையைக் குறைத்தே கேட்பார். பாலிஷ் போட்டதைச் சொல்லி விற்றால் வியாபாரம். மறைத்து விற்றால் அதற்கு வேறு பெயர்.

நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. சரக்குக்கு உடையவர் அதற்குத் தரம் போடக் கூடாது. 8.9-க்கும் 9-க்கும் இடையே கடுகளவு வித்தியாசம்தான். ஆனால் அந்தக் கடுகளவில் பெயர் மாறுகிறது, விலையும் மாறுகிறது. உடையவன் கண் எப்போதும் மேல் பக்கமே சாயும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, ஆசை செய்கிறது. மொத்த வியாபாரத்தில் மூட்டைக்கு உடையவர் சொல்லும் தரத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்கிறோமா? குத்தூசி போட்டு எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, குருணையையும் வண்டையும் நம் கண்ணால் பார்த்த பிறகுதானே விலை பேசுகிறோம்! ஆன்லைனில் வாங்குபவருக்குக் குத்தூசி கிடையாது. அவர் கையில் இருப்பது நாம் எழுதும் ஒரு சொல் மட்டுமே. அந்தச் சொல்தான் அவருக்கு எடைக்கல். எடைக்கல்லைத் தேய்க்கலாமா?

சட்டமும் இதையே சொல்கிறது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, வர்ணித்து விற்ற சரக்கு வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். மாதிரியும் காட்டி, வர்ணனையும் சொல்லி விற்றிருந்தால் மாதிரிக்கு மட்டும் பொருந்தினால் போதாது. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்க முடியாது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். நூறாண்டு கடந்த கலைப்பொருள், வரலாற்றுப் பொருள் போன்றவை 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையைக் கேட்டுக்கொண்ட பிறகே பார்சல் கட்டுங்கள்.

ஆகவே நம் யோசனை இதுதான். விலை போடுவதற்கு முன் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரிடம் கோலியையும் பூதக்கண்ணாடியையும் கொடுங்கள். விலை எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்த கோலியை அவர் விளக்கடியில் திருப்பிப் பார்த்துத் தரம் சொல்லட்டும். இரண்டு தரத்துக்கு நடுவில் நின்றால் கீழ்த்தரத்தையே எழுதுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து போடுங்கள். அடி பட்ட இடத்தைத்தான் முதல் படமாகப் போட வேண்டும், கடைசிப் படமாக அன்று.

இதனால் பத்து ரூபாய் குறையும் என்பார்கள். குறையட்டும். சொன்னதைவிட நல்ல சரக்கு கைக்கு வந்த வாடிக்கையாளர் மறுபடியும் நம்மைத்தான் தேடுவார். ‘செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா’ என்ற பழமொழி நம்மைப் பார்த்துச் சொன்னதுதான். சரக்கு முறுக்காக இருக்கும் இடத்தில் செட்டியார் வாய் திறக்கவே தேவையில்லை. கடைக்கு நேரில் வருபவரிடம் காட்டும் அதே நாணயத்தை, முகம் தெரியாமல் வாங்குபவரிடமும் நம் பிள்ளைகள் காட்ட வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.