விளையாடுவதற்கும் பீஸா?

பேத்தியை மணிநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள ப்ளே ஸ்கூலில் சேர்த்தபோது, அதிகம் முணுமுணுத்தவன் நான்தான். ஒரு வாரம் முழுக்கப் பழங்கள், அடுத்த வாரம் மழை, அதற்கடுத்த வாரம் காய்கறிக் கடை. நோட்டுப் புத்தகமே கிடையாது. "விளையாடுவதற்கா இவ்வளவு பீஸ்?" என்று மருமகளிடம் கேட்டேன். "ஒரு நாள் நீங்களே வந்து பாருங்கள், மாமா" என்றாள்.

ரயில் வாரம் வந்ததும் என்னையே கூப்பிட்டுவிட்டார்கள். 35 ஆண்டுகள் தண்டவாளத்தோடு குடித்தனம் செய்தவன் ஆயிற்றே! கொடிகளையும் விசிலையும் எடுத்துக்கொண்டு போனேன். தரையில் சாக்பீஸால் இரண்டு பாதைகள் வரைந்தேன். ஒன்று 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜ். மற்றது 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். எண் எதுவும் சொல்லாமல், குறுக்கே படுத்துப் பார்க்கச் சொன்னேன். (நிஜத் தண்டவாளத்தின் பக்கமே போகக்கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டேன்.) மூன்று வயதுக் குழந்தை மீட்டர் கேஜில் ஏறக்குறையச் சரியாக அடங்கிற்று. பிராட் கேஜில் தலைமாட்டில் ஒரு பொம்மையைப் படுக்க வைக்கவும் இடமிருந்தது.

பிறகு அட்டைப்பெட்டியில் ரயில் பெட்டி செய்தார்கள். முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று சோடா மூடிகளே சக்கரங்கள். ஒரு பொடியன் தனக்கு இன்னொரு பெட்டி வேண்டும் என்றான். யாரும் சொல்லாமலே இன்னும் எட்டு மூடிகளை எண்ணி எடுத்து வந்தான். இதைத்தானே கணக்கு என்கிறோம்?

இது இறக்குமதிச் சரக்கும் அல்ல. நான் வேலை பார்த்த பாவ்நகரிலேயே, வக்கீலாக இருந்த கிஜுபாய் பதேக்கா 1920-ல் பாலமந்திர் தொடங்கி, கதையும் பாட்டும் ஆட்டமுமாகச் சொல்லிக் கொடுத்தார். 'மீசை வைத்த அம்மா' என்று குஜராத்திகள் அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். அத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மகனுக்கு மூன்று வயதில் சிலேட்டைக் கொடுத்து 'அ' எழுத வைத்தேன். கோணினால் விரலில் ஒரு தட்டு. அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகள்கூட உருவாகி முடிந்திருக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. பலன்? அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்தக் கட்டுரையையும் நான்தான் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ப்ளே ஸ்கூல் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 'மஞ்சள் தினம்' என்று முதல் நாள் மாலை சீட்டு அனுப்பினால், மஞ்சள் சட்டைக்காகக் கடை கடையாக அலைவது தாய்மார்கள்தான். போட்டோ எடுத்ததும் மஞ்சளும் மறந்துபோகும். வீட்டில் இருக்கும் வாழைப்பழமும் மஞ்சள்தானே?

என் கவலை நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பைப் பற்றியது. ஜூனில் நிறைந்திருக்கும் அறை, தீபாவளிக்குள் பாதி காலி. முதல் நாளே 247 எழுத்துகளின் அட்டவணையைச் சுவரில் மாட்டி உட்கார வைத்தால், எந்தக் குழந்தை திரும்பி வரும்? ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்காவது அட்டவணையைக் கழற்றிவிட்டு, ஒரு மாதம் சந்தை, ஒரு மாதம் ரயில், கொலு வரும்போது பொம்மைகள் என்று வைத்துப் பார்க்கலாமே. கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசும் குழந்தைக்கு 'க' எழுத்து பின்னால் வந்து சேரும். ஆசிரியைகளைக் குறை சொல்லவில்லை, சம்பளமில்லாமல் வருகிறவர்கள். அட்டவணையை மாட்டச் சொன்ன கமிட்டியில் நானும் இருந்தேன்.

முதல் மாதம் சந்தை என்றால், காய்கறி வாங்கித் தருவது என் பொறுப்பு. பழைய கைத்தராசு யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.