தராசு காட்டாத கொழுப்பு

2016 முதல் 2018 வரை மத்திய அரசாங்கம் நடத்திய தேசிய ஊட்டச்சத்து விரிவாய்வின் அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 5 வயது முதல் 9 வயது வரையுள்ள நம் தேசத்துக் குழந்தைகளில் மிகை எடை கொண்டவர்கள் நூற்றுக்கு 4 பேர். அதே வயதினரில், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு வரம்பு மீறியிருப்பவர்கள் நூற்றுக்கு 34 பேர். சிறு பிள்ளைகளுக்கு அந்த வரம்பு சற்று இறுக்கமாகவே வகுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், நான்குக்கும் முப்பத்து நான்குக்கும் இடையிலுள்ள தூரம் அற்பமானதன்று. பருத்த பிள்ளைக்குக் கொழுப்பு, மெலிந்த பிள்ளைக்குச் சோகை என்று நாம் தனித்தனியே பாத்தி கட்டி வைத்திருந்த வியாதிகள் வரப்பை உடைத்துக்கொண்டு ஒன்றோடொன்று கலந்துவிட்ட பிறகும், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்து, அட்டையில் குறித்துக்கொண்டு, ஆரோக்கியத்தை அளந்துவிட்டதாகத் திருப்தியடைகிறோம்.

கொழுப்பு என்றதும் முகம் சுளிப்பது இக்காலத்து நாகரிகம். சரீர சாஸ்திரம் அறிந்தவர்கள் அவ்வாறு சுளிப்பதில்லை. அறுவடைக் காலத்து நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, இல்லாத நாளில் எடுத்துப் பொங்கிய குடியானவனைப் போல, உண்ட வேளையில் மிஞ்சியதைக் கொழுப்புத் திசுவில் சேமித்து வைப்பதும், உண்ணாத வேளையில் அதைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரித்து, அல்புமின் என்னும் புரதத்தின் தோளில் ஏற்றி, இருதயத்துக்கும் தசைக்கும் எரிபொருளாக அனுப்புவதும் தேகத்தின் நித்திய காரியங்கள். இந்தக் குதிரின் வாயைத் திறப்பதும் அடைப்பதும் பெரும்பாலும் இன்சுலினின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. சாப்பிட்டவுடன் அது சுரந்து, கொழுப்பு வெளியேறாதபடி வாயை அடைத்துவிடுகிறது. ஸ்தூலித்த குழந்தையினிடத்திலோ, குதிர் நிரம்பி, அதன் உயிரணுக்கள் உப்பிப்போய், இன்சுலினின் சொல்லுக்கு முன்போல் கட்டுப்படாத நிலை உண்டாவதால், அடைபட்டிருக்க வேண்டிய வேளையிலும் கொழுப்பு அமிலங்கள் கசிந்துகொண்டே இருக்கின்றன. போக்கிடமில்லாத அவை கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிகின்றன. குற்றம் சேமிப்பில் இல்லை, கசிவில்தான் இருக்கிறது. சர்க்கரையும் கொழுப்பு அமிலமும் தசையாகிய ஒரே அடுப்புக்குப் போட்டியிடும் விறகுகள் என்றும், ஒன்று மிகுந்தால் மற்றது எரியாமல் தேங்கும் என்றும் பிலிப் ராண்டிலும் அவருடைய சகாக்களும் 1963இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார்கள். அதன் நுட்பங்களைப் பின்வந்தோர் பலவாறு திருத்தியிருந்தாலும், சர்க்கரை வியாதிக்குக் கொழுப்பையும் விசாரிக்க வேண்டும் என்ற எண்ணம் அதனால் வேரூன்றிற்று. பருவமடையும் வயதில் இன்சுலினின் செல்வாக்கு எல்லாப் பிள்ளைகளிடமுமே இயல்பாகச் சற்றுத் தளர்கிறது. பருத்த பிள்ளைக்கு அந்தத் தளர்ச்சி, ஏற்கெனவே உள்ள சுமையின் மேல் ஏறுகிற இன்னொரு சுமை.

இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் தயாராக இருக்கும் பதில், எண்ணெய்ச் சட்டி. வைத்தியர் எச்சரித்த அன்று மாலையே வடையும் அப்பளமும் நிறுத்தப்படுகின்றன. சீனி கரைத்த பழரசப் புட்டியும், இரண்டாம் முறை பரிமாறும் வெள்ளைச் சோறும் நிரபராதிகளாகத் தப்பித்துக்கொள்கின்றன. ரத்தம் சொல்லும் சாட்சியமோ வேறு. தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் பால்மிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதியைப் பால்மிட்டோலேயிக் அமிலமாகத் திருத்துகிறது. பால்மிட்டிக் அமிலம் மிகுந்திருப்பதை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வதற்கில்லை, ஏனெனில் நம் ரேஷன் கடைப் பாமாயிலிலும் அது ஏராளம். பால்மிட்டோலேயிக் அமிலமோ நம் அன்றாட ஆகாரத்தில் சொற்பமாகவே உள்ளது. ஆகவே ரத்தத்தில் அதன் பங்கு ஏறியிருந்தால், பெரும்பாலும் அது உள்ளேயே உற்பத்தியான சரக்கு என்று ஊகிக்க இடமுண்டு. பருத்த குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இந்த ஏற்றத்தைத்தான். தேகத்தால் உற்பத்தி செய்ய முடியாத, நல்லெண்ணெய் போன்றவற்றிலிருந்தே கிடைக்க வேண்டிய லினோலேயிக் அமிலத்தின் பங்கு, பல ஆய்வுகளில் அவர்களிடம் குறைந்தே காணப்பட்டது. எண்ணெயைக் கரண்டியால் அளப்பதில் தவறொன்றுமில்லை; ஆனால் சோற்றையும் சீனியையும் அளக்காத வீட்டில் அந்தக் கரண்டிக்கு அதிகப் பிரயோஜனமுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

மெலிந்த பிள்ளையின் ரத்தத்தில் கொழுப்பு ஏன் மிகவேண்டும் என்ற புதிருக்குப் புனாவில் ஒரு விடை தேடப்பட்டிருக்கிறது. டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய குழுவினரும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த சிசுக்களை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரத்துச் சிசுக்களோடு ஒப்பிட்டார்கள். இங்கே சராசரி எடை சுமார் 2.7 கிலோ, அங்கே சுமார் 3.5 கிலோ, எடையும் தசையும் இத்தனை குறைந்திருந்தும், தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த விகிதத்தில் குறையவில்லை. எரிக்கும் அடுப்பு சிறிது, எரிக்க வேண்டிய பண்டம் பெரிது என்ற ஏற்பாட்டோடு ஜனித்த குழந்தை, பிற்பாடு நாலு கிலோ கூடினாலும் அது மற்றவர்களுடைய பத்து கிலோவின் வேலையைச் செய்துவிடக்கூடும். அந்த நாலு கிலோவைத் தராசு பொருட்படுத்தாது. இடுப்பைச் சுற்றிய ஒரு தையற்காரன் நாடா ஒருவேளை பொருட்படுத்தும்.

பள்ளியின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சீனியும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கலாகாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. நல்ல விதிதான், ஐம்பத்தோராவது மீட்டரில் கடை போடுகிறவனை அது ஒன்றும் செய்யாது என்பது வேறு விஷயம். என் கவலையெல்லாம் அடுப்பைப் பற்றியது. ரத்தத்தில் அலையும் கொழுப்பு அமிலங்களை எரித்துத் தீர்க்கும் பெரிய அவயவம் தசை. பருத்த பிள்ளைகள் முறையாக ஓடியாடினால், எடை பெரிதாகக் குறையாத போதிலும் கல்லீரல் கொழுப்பு குறைவதையும், இன்சுலின் மீண்டும் செல்வாக்குப் பெறுவதையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. தராசின் முள் அசையவில்லையே என்று மனம் சோர்ந்து பயிற்சியைக் கைவிடுகிற பெற்றோருக்கு இதைச் சொல்வார் இல்லை. எட்டாம் வகுப்பு வரை எப்படியோ பிழைத்துவரும் ‘பி.டி. பீரியட்’, பத்தாம் வகுப்பு வந்ததும் கால அட்டவணையில் மட்டும் ஜீவித்திருக்கிறது; அந்த ஒரு மணி நேரமும், மைதானத்தைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளைகள் கணக்கு வாத்தியார் வைக்கும் தேர்வை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.